ஸ்காபரோவில் ரவுண் எங்கே?

யாழ்ப்பாணத்திலிருந்து படிக்க வந்து ஆறு மாதமான ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். வோர்டன்–லோரன்ஸ் சந்திக்குக் கிட்ட ஒரு பேஸ்மென்ற்றில் இருக்கிறாராம். வந்த நாளிலிருந்து, ரொறன்ரோவின் கிழக்குப் பகுதியான இந்த ஸ்காபரோவின் ரவுணைத் தேடுகிறாராம். "எங்கே போனாலும் ஒரே மாதிரி அகலமான வீதி, ஒரே மாதிரி பிளாசா, அதற்கு முன்னால் கார்கள். இந்த ஊருக்கு நடு எது? யார் இதை இப்படிக் கட்டினார்கள்?"

ரவுண் இல்லை, தங்கச்சி. தேடி அலைய வேண்டாம். இங்கே இருப்பதெல்லாம் சந்திகள். நீங்களே பாருங்கள், இருக்கிற இடத்தை "வோர்டன்–லோரன்ஸ்" என்று எழுதியிருக்கிறீர்கள். ஆறு மாதத்தில் இந்த ஊர்க்காரர் ஆகிவிட்டீர்கள்.

நம் பக்கத்தில் முதலில் ஒரு கோயிலோ சந்தையோ துறையோ இருக்கும். அதைச் சுற்றிச் சனம் குடியேறும். பிறகு அங்கிருந்து வீதிகள் வெளியே கிளம்பும்: காங்கேசன்துறை வீதி, பருத்தித்துறை வீதி, கண்டி வீதி என்று, போய்ச் சேருகிற ஊரின் பெயரோடு. ஸ்காபரோவில் நடந்தது நேர்மாறு. சனம் வருவதற்கு முன்பே கோடு வந்துவிட்டது.

1790களில் பிரித்தானிய ஆட்சிக்காக அகஸ்டஸ் ஜோன்ஸ் என்ற நில அளவையாளர் இந்தக் காட்டுக்குள் சங்கிலி பிடித்துப் போனார். அளவைச் சங்கிலி ஒன்று 66 அடி நீளம். ஒரு குடியானவனுக்கு 200 ஏக்கர் காணி. அதன் அகலம் 20 சங்கிலி, நீளம் 100 சங்கிலி. 100 சங்கிலி என்றால் கிட்டத்தட்ட 2 கிலோமீற்றர். அந்த நீளம் முடியும் இடத்தில் கிழக்கு மேற்காக ஒரு வீதிக்கு இடம் விட்டார்கள். அப்படி விட்ட இடங்கள்தான் எக்ளின்ரன், லோரன்ஸ், எல்ஸ்மியர், ஷெப்பேர்ட், பிஞ்ச், ஸ்டீல்ஸ். ஒவ்வொன்றுக்கும் இடையில் இன்றைக்கும் 2 கிலோமீற்றர்தான். வடக்குத் தெற்காக இரண்டு காணிக்கு ஒரு வீதி, அதாவது 40 சங்கிலி, சுமார் 800 மீற்றர். விக்ரோறியா பார்க், பாமசி, வோர்டன், பேர்ச்மவுண்ட், கெனடி என்று வரிசையாக எண்ணிப் பாருங்கள். பஸ்ஸைத் தவறவிட்டுவிட்டு வோர்டன் வழியே லோரன்ஸிலிருந்து எக்ளின்ரனுக்கு நடந்திருப்பீர்கள். 25 நிமிடம் ஆகியிருக்கும். அந்த 25 நிமிடம் 18ஆம் நூற்றாண்டில் ஒருவர் கோதுமைக் காணிக்காகப் போட்ட கணக்கு.

இந்தச் சதுரக்கட்டத்துக்கு அடங்காத வீதிகள் சில உண்டு. கிங்ஸ்ரன் வீதி ஏரிக்கரையோரம் சாய்ந்து ஓடுகிறது. டான்போர்த் வீதி குறுக்கே வெட்டுகிறது. ஏசா டான்போர்த் என்ற அமெரிக்கர் 1799இல் ஒப்பந்தம் எடுத்து வெட்டத் தொடங்கிய பாதையின் பெயர் அது. ஸ்காபரோவில் கோணலாக ஓடும் வீதியைக் கண்டால், பெரும்பாலும் அது நிலத்தின் ஏற்ற இறக்கத்தைப் பார்த்துப் போட்ட பழைய வீதி. நேராக ஓடினால் அது மேசையில் இருந்து போட்டது.

பெயரும் அந்தக் காலத்தில் வந்ததுதான். ஆளுநர் சிம்கோவின் மனைவி எலிசபெத் 1793இல் படகில் வந்தபோது, ஏரிக்கரையில் செங்குத்தாக நின்ற மண்மலையைக் கண்டு, இங்கிலாந்தின் யோர்க்‌ஷயரில் உள்ள ஸ்காபரோவை நினைத்தார். அதற்கு முன் இந்த இடத்துக்குக் கிளாஸ்கோ என்று ஒரு பெயர் வைத்திருந்தார்கள். அந்த மண்மலை சுமார் 15 கிலோமீற்றர் நீளம். உயரமான இடத்தில் 90 மீற்றர் வரும். பழைய பனியுகத்து ஆறுகளும் ஏரிகளும் கொண்டுவந்து கொட்டிய மணலும் களியும்தான், பாறை அல்ல. அதனால் அலை அரித்துக்கொண்டே இருக்கிறது. அரித்த மணலை நீரோட்டம் மேற்கே இழுத்துப் போய்க் குவித்ததில் உண்டானவைதான் ரொறன்ரோவின் தீவுகள். நகரத்துக்காரர் ஸ்காபரோவை இளக்காரமாகப் பேசும்போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வரும். அவர்கள் கோடையில் போய்ப் படுக்கிற மணல் எங்களுடையது.

ஏறக்குறைய 150 வருடம் இங்கே தோட்டங்களும் பண்ணைகளும்தான். டேவிட் தொம்சனும் மேரி தொம்சனும் 1796இல் வந்த முதல் ஐரோப்பியக் குடும்பம். பிறகு சில சந்திகளில் குட்டி ஊர்கள் முளைத்தன: அஜின்கோர்ட், மால்வேர்ன், வோபர்ன், ஹைலண்ட் கிரீக். உங்கள் சந்திக்கு மேற்கே இருப்பது வெக்ஸ்போர்ட், அயர்லாந்துக்காரர் தங்கள் ஊர்ப் பெயரை வைத்த இடம். விக்ரோறியா பார்க் வீதியில் 1848இல் கட்டிய ஒரு சின்ன வெள்ளைத் தேவாலயம் இன்னும் நிற்கிறது. அந்த வழியாகப் போனால் பாருங்கள். சுற்றியிருப்பவை எல்லாம் அதைவிட நூறு வருடம் இளையவை.

சரி, இனிப் போருக்கு வருவோம். ஸ்காபரோவின் இன்றைய உருவம் அங்கேதான் பிடிபடும்.

உங்கள் வீட்டிலிருந்து வோர்டன் வழியே தெற்கே வந்தால் எக்ளின்ரன் வரும். அதைத் தாண்டிய தென்கிழக்குப் பக்கத்தில் பட்டறைகள், களஞ்சியங்கள், மட்டமான கூரையுள்ள பழைய கட்டடங்கள் தெரியும். இரண்டாம் உலகப் போரில் அங்கே ஒரு வெடிமருந்துத் தொழிற்சாலை இருந்தது. அதை நடத்திய கம்பனியின் பெயரைச் சுருக்கி ஜீகோ என்பார்கள். 1940இல் பண்ணை நிலத்தை எடுத்து, 170க்கு மேற்பட்ட கட்டடங்களைப் போட்டார்கள். குண்டுகளை வெடிக்கவைக்கும் திரிமுனைகளில் மருந்து நிரப்புவது வேலை. போர் முடிவதற்குள் 21,000க்கு மேற்பட்டோர் அங்கே வேலை செய்தார்கள். அவர்களில் பெரும்பாலானோர் பெண்கள். 25 கோடிக்கு மேற்பட்ட உருப்படிகள் அந்தக் கைகள் வழியாகப் போயின.

அந்தத் தொழிற்சாலைக்குள் 'அழுக்குப் பக்கம்', 'சுத்தப் பக்கம்' என்று இரண்டு பக்கம் இருந்தது. வேலைக்கு வரும் பெண் அழுக்குப் பக்கத்தில் தன் உடுப்பைக் கழற்றிவைத்து, தடுப்பைத் தாண்டி, அவர்கள் கொடுக்கும் உடுப்பையும் சப்பாத்தையும் போட்டுக்கொண்டு சுத்தப் பக்கம் போகவேண்டும். உலோகக் கொண்டையூசி கூடாது, தீப்பெட்டி கூடாது. ஒரு பொறி பறந்தால் போதும். கட்டடங்களை விலக்கி விலக்கிக் கட்டியதும் அதற்காகத்தான். ஒன்று வெடித்தாலும் மற்றது தப்ப வேண்டும். நிலத்துக்கடியில் சுரங்கங்கள் ஓடின, நீராவிக் குழாய்களையும் மற்ற இணைப்புகளையும் கொண்டுபோக. அந்தச் சுரங்கங்களைப் பற்றிப் பேய்க்கதை மாதிரி ஆயிரம் சொல்லுவார்கள். நான் வந்த புதிதில் அந்தப் பக்கத்துப் பட்டறை ஒன்றில் இரவு வேலை செய்தேன். கூட வேலை செய்த வயதான போலந்துக்காரர், தரையைக் காலால் தட்டி "இதற்குக் கீழே இன்னொரு வீதி இருக்கு" என்பார். நான் ஆள் பகிடி விடுகிறார் என்று நினைத்தேன்.

போர் முடிந்தது. சிப்பாய்கள் வீடு திரும்பினார்கள், கல்யாணம் கட்டினார்கள், குடியிருக்க வீடு இல்லை. ரொறன்ரோவில் வீட்டுப் பஞ்சம் அப்படியொரு பஞ்சம். வெடிமருந்து நிரப்பிய அதே கட்டடங்களில் சிலவற்றைத் தடுத்து, குடும்பங்களைத் தற்காலிகமாகக் குடியேற்றினார்கள். 'தற்காலிகம்' பல வருடம் இழுத்தது. இந்த ஊர் அகதிகளையும் வந்தேறிகளையும் பிற்காலத்தில்தான் கண்டது என்று நினைப்பவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். போருக்குப் பிந்திய ஸ்காபரோவின் முதல் அத்தியாயமே ஒதுக்கிடங்களில் ஒண்டிக்கொண்டிருந்த குடும்பங்கள்.

அப்போது ஸ்காபரோ ரொறன்ரோவின் பகுதி அல்ல, தனி ஊராட்சி. 1930களின் மந்தத்தில் ரொறன்ரோவைச் சுற்றியிருந்த ஊராட்சிகள் அநேகமாக எல்லாமே கடன் கட்ட முடியாமல் விழுந்தன; ஸ்காபரோவும் விழுந்தது. காரணம் எளிது. வீட்டுக்காரர் கட்டும் வரி, வீட்டுக்காரருக்குப் பள்ளிக்கூடமும் தண்ணீரும் கொடுக்கவே காணாது. தொழிற்சாலை வேண்டும், தொழிற்சாலை வரி கட்டும், பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளை அனுப்பாது. 1948இல் ஊராட்சித் தலைவராக வந்த ஒலிவர் குறொக்போர்ட் இதைப் பிடித்துக்கொண்டார். ஜீகோ காணியில் 250 ஏக்கருக்கு மேல் மத்திய அரசிடமிருந்து ஊராட்சி வாங்கி, கம்பனிகளுக்கு விற்றது. எக்ளின்ரனின் அந்தத் துண்டுக்கு, லண்டனில் இருந்த தொழிற்சாலை வீதியின் பெயரையே எடுத்து 'கோல்டன் மைல்', பொன் மைல் என்று பெயர் வைத்தார்கள். குளிர்சாதனப் பெட்டி, உருளைத் தாங்கி, வெந்நீர்க் குடுவை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு தொழிற்சாலை. 1954இல் கோல்டன் மைல் பிளாசா திறந்தது. 1959இல் எலிசபெத் மகாராணி கனடாவுக்கு வந்தபோது அந்தப் பிளாசாவுக்கும் அழைத்துப் போய்க் காட்டினார்கள். மகாராணிக்குக் காட்ட ஒரு பிளாசா! இன்றைக்குச் சிரிப்பாக இருக்கலாம். ஆனால் அன்றைக்குக் காரோடு வந்து, காரை வாசலில் விட்டு, ஒரே இடத்தில் எல்லாம் வாங்கிப் போவது என்பது புதுமையிலும் புதுமை.

வேலை வந்தாயிற்று. வீடு? 1951இல் ஸ்காபரோவின் சனத்தொகை சுமார் 56,000. 1961இல் 2 லட்சத்து 17 ஆயிரம். பத்து வருடத்தில் கிட்டத்தட்ட நான்கு மடங்கு. 1971இல் 3 லட்சத்து 34 ஆயிரம். பண்ணைக்காரர் காணியை விற்றார், கட்டுநர் வாங்கினார், அடுத்த வருடம் அங்கே இருநூறு வீடு. இதற்குப் பின்னால் இரண்டு விஷயங்கள் வேலை செய்தன. ஒன்று கடன்: 1954இன் வீடமைப்புச் சட்டம் வங்கிகள் கொடுக்கும் வீட்டுக்கடனுக்கு அரசு காப்புறுதி கொடுத்தது, தொழிற்சாலைத் தொழிலாளியும் வீடு வாங்கலாம் என்றாயிற்று. மற்றது குழாய். அதே 1954இல் ரொறன்ரோவையும் சுற்றியிருந்த 12 ஊராட்சிகளையும் சேர்த்து மெட்ரோ என்ற மேல்மட்ட ஆட்சி நடைமுறைக்கு வந்தது. தனியாக எந்த ஊராட்சியாலும் போட முடியாத பெரிய தண்ணீர்க் குழாயும் கழிவுநீர்க் குழாயும் மெட்ரோ போட்டது. புறநகர் என்றால் எல்லோரும் காரைத்தான் சொல்லுவார்கள். என்னைக் கேட்டால் மலக்குழாய்தான் முதல். அது போகாத இடத்துக்குக் கட்டுநர் போகவில்லை.

இனி, ஏன் உள்ளே நுழைந்தால் வழி தவறுகிறது என்ற விஷயம். 2 கிலோமீற்றருக்கு 800 மீற்றர் என்ற அந்தப் பழைய கட்டத்தை அப்படியே ஒரு குடியிருப்பு அலகாக எடுத்துக்கொண்டார்கள். நடுவில் பள்ளிக்கூடமும் பூங்காவும். உள்ளே வளைந்து வளைந்து போகும் ஒழுங்கைகள், முட்டுச் சந்துகள். அவசரத்தில் குறுக்கே ஓடும் வாகனம் உள்ளே வரக்கூடாது, பிள்ளை பெரிய வீதியைக் கடக்காமல் பள்ளிக்கூடம் போக வேண்டும் என்பது எண்ணம். கிளாரன்ஸ் பெரி என்ற அமெரிக்கர் 1920களில் எழுதிவைத்த யோசனை இது. உங்களுக்கு மேற்கே, பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம், டொன் மில்ஸில் 1953 முதல் அதைப் பெரிதாகச் செய்து காட்டினார்கள். யோசனையில் பிழை இல்லை. ஆனால் உள்ளே அமைதி வைத்தால் இரைச்சல் எல்லாம் விளிம்புக்குத்தானே போகும்? பஸ், கடை, பெற்றோல் நிலையம், தொடர்மாடி எல்லாம் விளிம்பில், அதாவது பெரிய வீதியில். 66 அடியாக இருந்த வண்டிப்பாதையை 120 அடிவரை அகட்டினார்கள். ஊர் வெளியே பார்த்துக் கட்டப்படவில்லை, உள்ளே பார்த்துக் கட்டப்பட்டது. நீங்கள் தினமும் பஸ்ஸுக்கு நிற்கும் வோர்டன் வீதி ஒவ்வொரு அலகுக்கும் பின்பக்கம். அங்கே வேலிகளின் முதுகு மட்டும் தெரிவது அதனால்தான்.

இப்போது உங்கள் வீட்டுக்கு வருவோம். நான் பார்த்ததில்லை, ஆனால் சொல்லட்டுமா? செங்கல் வைத்த ஒற்றைத்தட்டு பங்களா. வீதிப் பக்கம் ஒரு பெரிய யன்னல். கார் விடும் பாதை வீட்டின் பக்கவாட்டில் போகும். அந்தப் பாதையில் பாதித் தூரம் வந்தால் ஒரு பக்கக் கதவு. திறந்தால் சின்ன இடம். மூன்று நான்கு படி ஏறினால் சமையலறை, பத்துப் படி இறங்கினால் பேஸ்மென்ற். சரிதானே? ஸ்காபரோவில் இந்த மாதிரி ஆயிரக்கணக்கில் கட்டினார்கள். பக்கக் கதவு யாருக்காக? பனியில் விளையாடிவிட்டு வரும் பிள்ளைகளின் சப்பாத்துச் சேறு முன்கூடத்துக்கு வராமல் இருக்க, மளிகைப் பையைக் காரிலிருந்து நேரே சமையலறைக்குக் கொண்டுபோக. கட்டியவருக்கு அவ்வளவுதான் நோக்கம். முப்பது வருடம் கழித்து அந்தக் கதவு வேறு வேலை செய்தது. மேலே வீட்டுக்காரர், கீழே வாடகைக்காரர், இருவருக்கும் தனித்தனி வழி; ஒரு செங்கல்கூட இடிக்கத் தேவையில்லை. 83 கலவரத்துக்குப் பிறகு வந்த நம் சனத்தில் எத்தனையோ குடும்பம் கனடாவுக்குள் நுழைந்த வாசல் என்றால் விமான நிலையத்தைச் சொல்லுவேன், அடுத்தது அந்தப் பக்கக் கதவு. பேஸ்மென்றில் வாடகைக்கு விடுவதைப் பல காலம் சட்டம் ஒத்துக்கொள்ளவில்லை. 2000ஆம் ஆண்டு வாக்கில்தான் நகரம் முழுக்க அனுமதித்தார்கள். அதுவரை எல்லோருக்கும் தெரியும், ஒருவருக்கும் தெரியாது. நானே ஒரு முகவரிக்கு மூன்று பெயரில் கடிதம் வரும் வீட்டில் இருந்தவன்.

தொடர்மாடிகளும் பெரும்பாலும் 60களிலும் 70களிலும் கட்டியவை. வட அமெரிக்காவின் மற்றப் புறநகர்களில் இவ்வளவு உயரமான கட்டடங்களை அதிகம் காணமாட்டீர்கள். மெட்ரோவின் திட்டமிடுநர்கள் புறநகரிலும் அடர்த்தி வேண்டும் என்று நின்றார்கள். முதலில் இளம் தம்பதிகளுக்கு, காரும் நீச்சல் குளமும் உள்ள நாகரிக வாழ்க்கை என்று விளம்பரம் செய்தார்கள். அவர்கள் வீடு வாங்கிப் போக, அந்த மாடிகளுக்குப் புதிதாக வந்தவர்கள் வந்தார்கள். 1967இல், குடிவர விரும்புவோரைப் படிப்பு, தொழில் பார்த்துத் தேரும் புள்ளி முறை வந்தபின் கரீபியர்கள், தென்னாசியர்கள், சீனர்கள். நம்மவர்கள் முதலில் நகரத்துக்குள் சென் ஜேம்ஸ் ரவுணில்தான் குவிந்தார்கள். பெயரில் மட்டும் ரவுண் உள்ள தொடர்மாடிக் கூட்டம் அது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கிழக்கே ஸ்காபரோவுக்கு.

இனிப் பிளாசா. ஏன் முன்னால் கார்த் தரிப்பிடம், பின்னால் கடை? இத்தனை சதுர அடிக் கடைக்கு இத்தனை கார் நிற்க இடம் வேண்டும் என்று ஊராட்சியின் விதி சொன்னது. அந்த இடத்தை வீதியில் போகிறவன் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி முன்னால் வைத்தால்தான் உள்ளே திருப்புவான் என்று வியாபாரி கணக்குப் போட்டார். பார்க்க அழகில்லை, ஒத்துக்கொள்கிறேன். நகர அமைப்பு படித்தவர்கள் இந்தப் பிளாசாக்களைத் திட்டாத நாள் இல்லை. எனக்கு அதில் உடன்பாடு பாதிதான். பெரிய அங்காடிக்குள் ஒரு கடை எடுக்க என்னவெல்லாம் கேட்பார்கள் தெரியுமா? பிளாசாவில் ஒரு சின்ன அறை, கதவு வெளியே, சொந்தப் பெயர்ப்பலகை, வாடகை கையைக் கடிக்காது. சிறுமுதலோடு வருகிறவனுக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்? லோரன்ஸ் வீதியில் வெக்ஸ்போர்ட் பக்கம் கிரேக்கர்கள் கடை போட்டார்கள், பிறகு அரபுக்காரர் வந்தார்கள். நீங்கள் மாலையில் பஸ்ஸால் இறங்கும்போது வரும் வாசம் ஷவர்மா வாசம்தானே. அஜின்கோர்ட்டில் 1984இல் ஒரு பழைய சறுக்கு அரங்கத்தை மாற்றி டிராகன் சென்ரர் என்ற சீன அங்காடியைத் திறந்தபோது, அயலவர்கள் பெரிய கூட்டம் போட்டு எதிர்த்தார்கள். மேலுக்குச் சொன்ன காரணம் கார் நிறுத்த இடமில்லை என்பது. பேச்சில் வந்ததெல்லாம் வேறு.

நம்முடைய பிளாசாக்களைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஒரே வரிசையில் இடியப்பக் கடை, நகைக்கடை, ரியூசன் வகுப்பு, வழக்கறிஞர், கேக் அலங்காரம், பணம் அனுப்பும் இடம். மார்க்கம் வீதியில் வடக்கே போனால் மெஜஸ்ரிக் சிற்றி என்றே ஒரு கடைத்தொகுதி; கொழும்பில் பம்பலப்பிட்டியில் உள்ள அதே பெயர் அங்காடியை அறிந்தவர்கள் பெயர்ப்பலகையைக் கண்டதும் ஒரு நிமிடம் நிற்பார்கள். சனிக்கிழமை மாலையில் அப்படியொரு பிளாசாவின் கார்த் தரிப்பிடத்தில் நின்று பாருங்கள். கார் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு கொத்துரொட்டிக்குக் காத்திருப்பவர், தேர்த் திருவிழா நோட்டீசு கொடுப்பவர், "எப்ப வந்தனீ, அம்மா எப்படி?" என்று வழி மறிப்பவர். ஊராட்சி கார்களுக்காக ஒதுக்கிய தாரில் சனம் சந்தை வைத்துக்கொண்டது.

அதிகாரிகளும் ஒரு ரவுண் செய்து பார்க்காமல் இல்லை. 1973இல் 401 நெடுஞ்சாலைக்குத் தெற்கே ஸ்காபரோ ரவுண் சென்ரர் அங்காடியும் அதன் அருகில் ஊராட்சி மன்றமும் திறந்தன. மன்றக் கட்டடத்தை வரைந்தவர் ரேமண்ட் மொறியாமா. சிறுவனாக இருந்தபோது, ஜப்பானிய வம்சாவளி என்பதற்காகக் கனடா அரசு போர்க்காலத்தில் முகாமில் அடைத்த குடும்பத்துப் பிள்ளை. அருமையான கட்டடம், ஒருநாள் உள்ளே போய் அண்ணாந்து பாருங்கள். ஆனால் சுற்றிலும் கார்த் தரிப்பிடம், வடக்கே நெடுஞ்சாலை. நடந்து வந்து சேர யாரும் குடியிருக்கவில்லை. 1985இல் அதற்கு ஒரு சின்ன ரயில் விட்டார்கள், ஆறு நிலையங்கள். வீடுகள் பக்கம் போகாமல் காணி மலிவான தொழிற்சாலைப் பக்கமாகவே போன ரயில். ட்ராம் போடுவதாகத் தொடங்கியதை மாகாண அரசு தன் புதுத் தொழில்நுட்பத்தைக் காட்ட மாற்றியது. பனி விழுந்தால் நின்றுவிடும். அப்படியும் 38 வருடம் ஓடியது. 2023 ஜூலையில் ஒரு பெட்டி தடம் புரண்டது; அதோடு மூடிவிட்டார்கள். ரயிலுக்குப் பதிலாகப் பஸ்ஸில் நின்றுகொண்டு போகிறீர்களே, அதன் கதை இதுதான். 1967இல் பறோ (ஊராட்சிக்கும் நகரத்துக்கும் இடைப்பட்ட நிலை), 1983இல் நகரம் என்று உயர்ந்த ஸ்காபரோவும் 1998இல் ரொறன்ரோவோடு கரைந்தது. மன்றம் இருக்கிறது, நகரம் இல்லை.

கோல்டன் மைலும் தேய்ந்தது. 1986இல் பிளாசாவில் தீ. 1993இல் வான் வாகனங்கள் செய்யும் பெரிய தொழிற்சாலை மூடியது. தொழிற்சாலை நின்ற இடங்களில் கிடங்குபோன்ற பெருங்கடைகள் வந்தன. 2011இல் எக்ளின்ரனில் ரயிலுக்குத் தோண்டத் தொடங்கினார்கள், சொன்ன தவணை எல்லாம் கடந்து இழுத்தது. அந்த ரயிலைக் காட்டி இப்போது பெருங்கடைகளையும் இடித்து வானளாவிய மாடிகள் கட்டத் திட்டம். மாடி வரட்டும், வீடு தேவைதான். மாடிக்குக் கீழே கண்ணாடி போட்ட கடை ஒன்றுக்கு வாடகை என்ன கேட்பார்கள் என்பதுதான் என் பயம்.

ஊரின் வெறுமையான பச்சை இடங்களைப் பற்றிக் கேட்கவில்லை, ஆனால் சொல்லாமல் விட முடியாது. 1954 ஒக்ரோபர் 15 இரவு ஹேசல் புயல் ஒன்ராறியோவில் 81 பேரைக் கொன்றது. பெரும் சாவு நகரின் மேற்குப் பக்கம், ஹம்பர் ஆற்றங்கரையில். இங்கே ஹைலண்ட் கிரீக்கும் பொங்கிக் கரையிலிருந்த சிறு வீடுகளை இழுத்துப் போனது. அதற்குப் பிறகு பள்ளத்தாக்குகளில் வீடு கட்ட விடவில்லை, காணியைப் பொதுவுக்கு வாங்கினார்கள். வீடுகள் காளான்போல முளைத்த அதே வருடங்களில் இந்தத் தடை வந்ததால்தான் இன்றைக்கு உங்களுக்கு நடக்க ஆற்றோரம் இருக்கிறது.

கடைசியாக ஓர் இடம். 1956 ஓகஸ்ட்டில் லோரன்ஸுக்கும் பெலமி வீதிக்கும் அருகே, வீடு கட்டுவதற்காக ஒரு மேட்டை இயந்திரத்தால் வெட்டிக்கொண்டிருந்தார்கள். வாளியில் மண்ணோடு எலும்பு வந்தது. வேலையை நிறுத்திப் பார்த்தால் சுமார் 500 பேருடைய எலும்புகள். 600 வருடத்துக்கும் முந்தியவை. இந்தப் பகுதியின் பழங்குடிகளான வென்டாற் மக்களின் முன்னோர்கள். அவர்கள் சில பத்தாண்டுகளுக்கு ஒருமுறை மண் களைத்ததும் கிராமத்தை வேறிடம் மாற்றுவார்கள். போவதற்கு முன், அதுவரை இறந்தவர்களின் எலும்புகளை எல்லாம் எடுத்துத் துடைத்து, விருந்து வைத்து, ஒரே குழியில் ஒன்றாகச் சேர்ப்பார்கள். எலும்புகளை அங்கேயே மீண்டும் அடக்கம் செய்தார்கள். மேடு தப்பியது, சுற்றியிருந்த காணியில் பங்களாக்கள் வந்தன. ரேபர் ஹில் என்று பெயர். ஜோன்ஸ் சங்கிலி பிடிப்பதற்கு முன் இங்கே ஊர் இருந்தது என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

உங்கள் சந்தியிலிருந்து லோரன்ஸில் கிழக்கே போகும் 54 பஸ்ஸை எடுங்கள். பெலமியில் இறங்கினால் சில நிமிட நடை. வீடுகளுக்கு நடுவில் ஒரு புல்மேடு, மேலே ஒரு கல். சனிக்கிழமை போங்கள், திரும்பி வரும் வழியில் மார்க்கம் வீதிப் பக்கம் ஒரு நடை போனால் புட்டும் கிடைக்கும்.